சின்சினாட்டியின் பழைய டைரக்டரிகளில் மனிதர்களைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஒஹாயோ ஆற்றின் வடகரையில் 1788-இல் சிறு குடியேற்றமாகத் தொடங்கிய சின்சினாட்டியில் 1840-இல் 46,338 பேர் வாழ்ந்தார்கள். 1850-இல் அத்தொகை 1,15,435 ஆயிற்று. பத்தே ஆண்டுகளில் இரண்டரை மடங்கு பெருகிய அந்த ஊரில் யார் யார் இருந்தார்கள், எந்தத் தெருவில் என்ன தொழில் செய்தார்கள் என்று அறிய விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் புரட்டுவது நகர டைரக்டரிகளைத்தான். முதல் டைரக்டரி 1819-இல் வெளிவந்தது. நூற்றாண்டின் நடுவிலிருந்து வில்லியம்ஸ் டைரக்டரி ஏறத்தாழ ஆண்டுதோறும் வந்தது. பெயர், தொழில், முகவரி என்று ஒருவருக்கு ஒரு வரி ஒதுக்கும் இந்தப் புத்தகங்களைப் படிப்பது எளிது. தவறாகப் படிப்பது அதைவிட எளிது.

டைரக்டரியை மக்கள்தொகைக் கணக்கு என்று எண்ணிக்கொள்வதே முதல் தவறு. பின்னால் சொல்லப்போகும் தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன. டைரக்டரி ஒரு வணிகச் சரக்கு. பதிப்பாளர் சந்தாவாலும் விளம்பரத்தாலும் பிழைத்தார். சரக்கு அனுப்புகிறவரும் கடன் கொடுக்கிறவரும் தமக்கு வேண்டியவரைக் கண்டுபிடிக்க உதவவேண்டும் என்பதே அவருடைய நோக்கம். ஆகையால் ஒரு வீட்டில் எட்டுப் பேர் இருந்தால் குடும்பத் தலைவர் பெயர் இடம்பெறும், வேலைக்குப் போகும் வளர்ந்த மகன் பெயர் இடம்பெறலாம், மனைவி மக்கள் பெயர்கள் பெரும்பாலும் இரா. சந்துகளில் குடியிருந்த கூலித் தொழிலாளரும், மாதத்துக்கு ஒரு தங்கும் விடுதி மாறியவரும் எளிதில் விடுபட்டார்கள். டைரக்டரியில் ஒருவர் பெயர் இல்லை என்பதற்கு, விவரம் சேகரித்தவர் அவரைப் பதியவில்லை என்பதற்கு மேல் பொருள் இல்லை. அப்படி முடிவு கட்டுவதற்கு முன்னும், தாமதமாக வந்த பெயர்களையும் விடுபட்டவற்றையும் அச்சிட்டிருக்கும் முன், பின் பக்கங்களைப் பார்த்துவிடவேண்டும். அகரவரிசையில் தேடிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறவர்களே அதிகம்.

அரசின் கணக்கெடுப்பை நாடினால் குறை தீர்ந்துவிடும் என்று எண்ணுவதும் சரியன்று. 1840 வரையிலான கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே உண்டு. மற்றவர்கள் எண்ணிக்கையாகவே நிற்கிறார்கள். அடிமைப்படுத்தப்படாத ஒவ்வொருவரின் பெயரையும் எழுதியது 1850-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புதான். ஆனால் அதன் படிவம் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்களின் தொழிலை மட்டுமே கேட்டது. அந்த ஆண்டுப் பக்கங்களில் பெண்களுக்கு எதிரே தொழில் கட்டம் காலியாக இருப்பதைக் கண்டு, சின்சினாட்டிப் பெண்கள் வேலை செய்யவில்லை என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. கேட்கப்படாத கேள்விக்குப் பதில் இராது. 1860-இல் அந்தக் கேள்வி பெண்களுக்கும் விரிந்தபோது துணி வெளுத்தவர்களும் தையல்காரிகளும் வீட்டு வேலை செய்தவர்களும் திடீரென்று தோன்றுகிறார்கள். அவர்கள் அந்தப் பத்தாண்டில் முளைத்தவர்கள் அல்லர். அதற்கு முன்பே விதவைகளும், தங்கும் விடுதி நடத்தியவர்களும், பெண்களுக்கான தொப்பி செய்து விற்றவர்களும் டைரக்டரியில் தம் பெயரிலேயே இருந்தார்கள் என்பதால், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வணிகரின் புத்தகம் அரசின் புத்தகத்தை முந்துகிறது.

இனித் தொழிற்பெயர்களுக்கு வருவோம். அதிகம் இடறுவது இங்கேதான். ஏனெனில் சொல் நமக்குத் தெரிந்ததாகவே இருக்கும், பொருள்தான் வேறாக இருக்கும். 'காபி ஹவுஸ்' என்ற வரி அக்காலச் சின்சினாட்டி டைரக்டரியில் திரும்பத் திரும்ப வருகிறது. டிகாஷன் மணக்கும் ஓர் இடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, இத்தனை காபிக் கடைகள் நிறைந்த ஊரா என்று நானும் முதலில் வியந்தது உண்டு. அது மதுக்கடைக்கு அக்காலத்தில் வழங்கிய நாகரிகப் பெயர். 'இன்ஜினியர்' என்று இருப்பவர் பெரும்பாலும் பட்டம் பெற்ற பொறியாளர் அல்லர்; நீராவிப் படகிலோ ஆலையிலோ கொதிகலனையும் இயந்திரத்தையும் ஓட்டியவர். 'பைலட்' என்பவர் ஆற்றின் மணல்திட்டுகளையும் நீரில் மூழ்கிய மரங்களையும் மனப்பாடமாக அறிந்து படகின் சுக்கானைப் பிடித்தவர். படகுக் குழுவில் நல்ல சம்பளமும் மதிப்பும் பெற்றவர்களுள் ஒருவர். 'பேக்கர்' (packer) என்ற சொல்லை மூட்டை கட்டும் கூலி என்று மொழிபெயர்த்தால் ஒரு பெருமுதலாளியைச் சுமைகூலியாக்கிவிடுவோம். பன்றிகளை வாங்கி, அறுத்து, உப்பிட்டுப் பீப்பாய்களில் அடைத்து ஆற்றின் வழியே தெற்கே அனுப்பிய தொழிலதிபருக்கும் அதுவே பெயர். அவரிடம் கூலிக்கு வேலை செய்தவரையும் அப்படி எழுதியிருக்கலாம் என்பதால் முகவரியையும் விளம்பரப் பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தே முடிவுக்கு வரவேண்டும்.

பன்றி இறைச்சித் தொழில் இந்த ஊருக்குப் 'போர்க்கோபோலிஸ்', அதாவது பன்றியூர், என்ற பட்டப்பெயரையே வாங்கிக் கொடுத்தது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் சிகாகோ முந்தும் வரை அமெரிக்காவில் இத்தொழிலின் தலைநகரம் இதுதான். செயற்கைக் குளிரூட்டல் இல்லாத காலத்தில் அறுப்பு வேலை குளிர்காலத்து வேலை என்பதை நினைவில் வைக்காதவர்கள், ஒருவருக்கு ஒரே தொழில் என்று எண்ணித் தவறுகிறார்கள். டிசம்பரில் அறுப்புக் கூடத்தில் நின்றவர் கோடையில் செங்கல் சூளையிலோ படகுத்துறையிலோ நின்றிருக்கலாம். டைரக்டரிக்காரர் கதவைத் தட்டிய நாளில் அவர் சொன்ன தொழில் எதுவோ அதுவே அச்சேறியது. ஓராண்டு 'கூலி' என்றும் மறு ஆண்டு 'பேக்கர்' என்றும் இருப்பவரை முன்னேறிவிட்டார் என்று கொள்வதற்கு முன் இரண்டு மூன்று ஆண்டுப் பதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். இறைச்சியோடு பிணைந்த தொழில்களும் இப்படித்தான். உப்பிட்ட இறைச்சிக்கும் கொழுப்புக்கும் விஸ்கிக்கும் மாவுக்கும் பீப்பாய் வேண்டும் என்பதால் பீப்பாய்த் தச்சர்கள் பெருகினார்கள். கழிவுக் கொழுப்பிலிருந்து சோப்பும் மெழுகுவத்தியும், மயிரிலிருந்து தூரிகையும், தோலிலிருந்து பதனிட்ட சரக்கும் வந்தன. இவர்களைத் தனித்தனித் தொழில்களாக எண்ணிப் பட்டியலிட்டால், ஒரே ஆதாரத்தைச் சுற்றி வாழ்ந்த ஒரு கூட்டத்தைக் காணத் தவறிவிடுவோம்.

மெழுகுவத்தி செய்த வில்லியம் ப்ராக்டரும் சோப்பு செய்த ஜேம்ஸ் கேம்பிளும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. இங்கிலாந்திலிருந்து வந்த ஒருவரும் அயர்லாந்திலிருந்து வந்த ஒருவரும் அக்கா தங்கையை மணந்து, 1837-இல் கூட்டாளிகளானார்கள். இத்தகைய கூட்டு நிறுவனங்கள் டைரக்டரியில் நிறுவனத்தின் பெயரில் ஒரு வரியாகவும், கூட்டாளிகள் ஒவ்வொருவரின் பெயரில் வேறு வரிகளாகவும் இடம்பெறும். வரிகளை எண்ணித் தொழிலாளர் தொகையைக் கணக்கிடுகிறவர்கள் ஒரே ஆளை இரண்டு முறை எண்ணிவிடுவது இதனால்தான்.

பெயர்களைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. வடமேற்கு ஜெர்மனியிலிருந்து ஏராளமானோர் வந்து, கால்வாய்க்கு அப்பால் 'ஓவர்-த-ரைன்' என்று பெயர் பெற்ற பகுதியில் குடியேறினார்கள். மயாமி-ஈரி கால்வாயை ரைன் நதி என்று வேடிக்கையாகச் சொன்னதால் வந்த பெயர் அது. இவர்களில் பலருக்குத் தேவாலயத்தில் இட்ட முதற்பெயர் யோஹான். அழைத்ததோ இரண்டாம் பெயரால். எனவே ஞானஸ்நானப் பதிவேட்டின் யோஹான் ஹைன்ரிஷ் டைரக்டரியில் ஹென்றி ஆகிறார். ஷ்மிட் ஸ்மித் ஆகிறார், முல்லர் மில்லர் ஆகிறார். ஒரு எழுத்துக்கூட்டலை மட்டும் தேடு பெட்டியில் இட்டுவிட்டு 'இல்லை' என்று ஒதுங்குவது பெருந்தவறு. 1871-க்கு முன் ஜெர்மனி என்ற ஒரே அரசு இல்லாததால், பிறந்த இடம் என்ற கட்டத்தில் ஹனோவர், ஓல்டன்பர்க், பிரஷ்யா என்றெல்லாம் இருக்கும். ஒரே ஆளுக்கு ஒரு கணக்கெடுப்பில் பிரஷ்யாவும் அடுத்ததில் ஜெர்மனியும் இருந்தால் அவரை இருவராக்கிவிடக் கூடாது.

கறுப்பினத்தவரைத் தேடும்போது பட்டியலின் மௌனத்தை இன்னும் கவனமாகப் படிக்கவேண்டும். ஒஹாயோ அடிமை முறை இல்லாத மாநிலம்தான். ஆனாலும் அங்கே வந்து வாழ விரும்பிய கறுப்பினத்தவர் தாம் சுதந்திரமானவர் என்பதற்குச் சான்றிதழ் காட்டவேண்டும் என்று 1804-ஆம் ஆண்டுச் சட்டமும், 500 டாலருக்குப் பிணை தரவேண்டும் என்று 1807-ஆம் ஆண்டுச் சட்டமும் விதித்தன. 1829-இல் இவற்றைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்போவதாக நகர நிர்வாகம் அறிவித்ததும், தொடர்ந்து வெள்ளையர் கும்பல்கள் தாக்கியதும் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஊரைவிட்டு விரட்டின. சிலர் கனடாவுக்கே போனார்கள். இப்படிப்பட்ட ஊரில் கதவைத் தட்டிப் பெயர் கேட்கும் அந்நியரிடம் எல்லோரும் பெயர் சொல்லியிருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. சொன்னவர்களின் பெயர்களையும் பதிப்பைப் பொறுத்து நிறக்குறியோடோ தனிப் பட்டியலிலோ தேடவேண்டியிருக்கும்.

தொழிலாளியின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் இல்லாமற்போவதற்கு ஹென்றி பாய்டின் வாழ்க்கை நல்ல சான்று. கென்டக்கியில் அடிமையாகப் பிறந்து, உழைத்துச் சேர்த்த பணத்தால் தன்னை விடுவித்துக்கொண்டு 1826-இல் சின்சினாட்டிக்கு வந்த தச்சர் அவர். வெள்ளைத் தச்சர்கள் அவரோடு வேலை செய்ய மறுத்தார்கள். பின்னர் அவர் உருவாக்கிய உறுதியான கட்டில் பெரும் புகழ் பெற்றது. அவருடைய பட்டறையில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வேலை செய்தார்கள். ஆனால் அந்தக் கட்டிலுக்கு 1833-இல் கிடைத்த காப்புரிமை ஜார்ஜ் போர்ட்டர் என்ற வெள்ளையரின் பெயரில் இருக்கிறது. காப்புரிமைப் பதிவேட்டை மட்டும் பார்க்கிறவருக்குப் பாய்டு என்று ஒருவர் இல்லை. கட்டில் சட்டத்தில் தன் பெயரை முத்திரையாகக் குத்தி அனுப்பும் வழக்கத்தை அவர் வைத்திருந்தார். இன்று அந்த முத்திரைதான் அவருக்காகப் பேசுகிறது. பட்டறை பலமுறை தீக்கிரையானது.

முகவரிகளை இன்றைய வரைபடத்தில் அப்படியே பொருத்துவது அடுத்த தவறு. பழைய டைரக்டரிகளில் எண்ணே இல்லாமல், 'மூன்றாம் தெரு வடபுறம், மெயினுக்கும் சிக்கமோருக்கும் நடுவில்' என்ற வகையில் இருக்கும். எண் உள்ள இடங்களிலும் 1890-களின் நடுவில் நகரம் முழுவதும் எண்கள் மாற்றப்பட்டதால் பழைய எண் இன்றைய கட்டடத்தைக் காட்டாது. தெருப் பெயர்களும் மாறின: வெஸ்டர்ன் ரோ பின்னர் சென்ட்ரல் அவென்யூ ஆயிற்று, முதல் உலகப் போரின்போது எழுந்த ஜெர்மன் வெறுப்பில் 1918-இல் பிரெமன் தெரு ரிபப்ளிக் தெருவானது. கால்வாயையே காணோம், அது ஓடிய தடத்தில் 1928 முதல் சென்ட்ரல் பார்க்வே சாலை இருக்கிறது. ஆற்றைக் கடந்தால் மாநிலமே வேறு. சின்சினாட்டியில் கடை வைத்திருந்தவர் எதிர்க்கரையில் கென்டக்கியின் கவிங்டனிலோ நியூபோர்ட்டிலோ குடியிருந்திருக்கலாம். 1867-இல் தொங்குபாலம் போக்குவரத்துக்குத் திறக்கும் வரை படகில் போய்வந்தார்கள். ஒஹாயோவின் ஏடுகளில் மட்டும் தேடுகிறவருக்கு இவர்கள் கிடைக்கமாட்டார்கள்.

ஒரு பதிப்பில் இருந்தவர் அடுத்ததில் இல்லையென்றால் இறந்துவிட்டார் என்று எழுதிவிடும் அவசரமும் வேண்டாம். 1849-இன் காலராவில் இந்நகரில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள் என்பது உண்மை; ஆனால் அதே ஆண்டு கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போனவர்களும் உண்டு. இறப்பை உறுதிசெய்யக் கல்லறைப் பதிவோ தேவாலய ஏடோ வேண்டும். மாவட்ட நீதிமன்ற ஆவணங்களை முழுமையாக நம்பியிருக்க முடியாது. 1884 மார்ச்சில் மூண்ட கலவரத்தில் நீதிமன்றக் கட்டடம் எரிந்தபோது அவற்றில் பெரும்பகுதி அழிந்தது. 1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு ஏடுகளும் 1921-இல் வாஷிங்டனில் நேர்ந்த தீவிபத்தால் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டன. அந்தப் பத்தாண்டைப் பொறுத்தவரை, இதுவரை இவ்வளவு குறை சொன்ன டைரக்டரியைத்தான் நாம் பெரிதும் நம்பியிருக்கிறோம்.

கடைசியாக, படங்களைப் பற்றி ஒரு சொல். 1848 செப்டம்பர் 24 அன்று சார்ல்ஸ் ஃபோன்டெய்ன், வில்லியம் போர்ட்டர் என்ற இருவர் நியூபோர்ட் கரையில் நின்று, எதிர்க்கரையில் சின்சினாட்டியின் ஆற்றங்கரை ஏறத்தாழ இரண்டு மைல் நீளத்துக்குத் தெரியும்படி வெள்ளி பூசிய எட்டுத் தகடுகளில் படம் எடுத்தார்கள். நகரப் பொது நூலகத்தில் இருக்கும் அத்தகடுகளை நுண்ணோக்கியில் பெரிதாக்கினால் கடைப் பெயர்ப்பலகைகளையே படிக்கலாம். டைரக்டரி வரியையும் பலகையையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு இப்படி வேறெங்கும் எளிதில் வாய்க்காது. துறையில் வரிசையாக நீராவிப் படகுகள் நிற்கின்றன, மனிதர்களோ மிகக் குறைவு. வணிகம் மந்தமாக இருந்த ஊர் என்று இதைக் கொண்டு முடிவுசெய்துவிடக் கூடாது. அன்று ஞாயிற்றுக்கிழமை.