துண்டுக் கடதாசியில் இருந்து தொடங்குங்கள்: ஆசிரியர்களுக்கு ஒரு குப்பி

பிள்ளையின் கொப்பிக்குள் மடித்து அனுப்புகிற துண்டுக் கடதாசி தெரியும்தானே. தவணைப் பரீட்சை வினாத்தாளுக்கு இவ்வளவு, நாளைக்குக் கொண்டுவரவும் என்று இருக்கும். நானும் வருடக்கணக்காக அதை எழுதி அனுப்பியிருக்கிறேன், தராத பிள்ளைகளின் பெயரைக் கரும்பலகை ஓரத்தில் எழுதியும் வைத்திருக்கிறேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஏகாதிபத்தியம், நவதாராளவாதம் என்று கூட்டங்களில் பேசுவதைக் கேட்டுவிட்டு மறுநாள் பாடசாலைக்குப் போனால் இடாப்பு மார்க் பண்ணவே நேரம் சரி. அதனால் பெரிய சொற்களை ஓரமாக வைத்துவிட்டு, காசு வாங்காமல் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்கிற குப்பி வகுப்பு மாதிரி, அந்தத் துண்டில் இருந்தே தொடங்குவோம். இலங்கையின் கிழக்கில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் படிப்பிக்கிறவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன், ஆனால் கல்முனை, சம்மாந்துறை, திருக்கோவில் கல்வி வலயங்களில் இருப்பவர்களுக்கும் இது புதினமாக இருக்காது.

முதல் வேலை, ஒரு தவணைக்குள் போன துண்டுகளை எல்லாம் சேர்ப்பது. மூன்று நான்கு தாய்மாரிடம் கேளுங்கள்: வினாத்தாள், போட்டோக் கொப்பி, துப்புரவு செய்பவருக்கு, தண்ணீர் பில், விளையாட்டுப் போட்டி ரீசேட், ஆசிரியர் தினம். ஒரு கொப்பியில் திகதியும் தொகையும் மட்டும் எழுதுங்கள். கூட்டத்துக்கு நடுவில் கேட்காதீர்கள், கட்ட முடியாமல் போனவர் அன்றைக்கே வாயை மூடிவிடுவார். வீட்டுக்குப் போய், தேத்தண்ணி குடித்து, ஆறுதலாகக் கேளுங்கள். தரம் 5 புலமைப்பரிசில் வகுப்புக்குப் போகும் பிள்ளை இருந்தால் ரியூசன் காசைத் தனிப் பக்கத்தில் போடுங்கள். எந்தக் கடனை எடுத்து இதைக் கட்டினீர்கள் என்றும் கேளுங்கள். கிழமைக் கடன் அறவிட வருகிற பெடியன் படலையில் நிற்கிற ஊர்களில் இந்தக் கேள்விக்குப் பதில் வர நேரம் எடுக்கும்.

பட்டியல் வந்த பிறகு அதிபரோடு சண்டைக்குப் போக வேண்டாம். பெரும்பாலான அதிபர்கள் மின்சார பில்லையும் உடைந்த குழாயையும் வைத்துக்கொண்டு தலையைச் சொறிகிறவர்கள். மேலே இருந்து வர வேண்டியது வராத இடத்தில்தான் துண்டு பிறக்கிறது, ஆகவே மேலே கேளுங்கள். அதற்கு நம்மிடம் நல்ல கருவி ஒன்று இருக்கிறது: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். வலயக் கல்வி அலுவலகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே ஒரு கடிதம் எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால், அல்லது பேசாமல் இருந்தால், 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம், அதிலும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். கடிதம் கொடுத்த அன்றே பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் ஏதாவது வாங்கிவிடுங்கள், இதை மறந்துதான் நாங்கள் ஒரு முறை இரண்டு மாதம் வீணாக்கினோம்.

கேள்வி சின்னதாக இருக்க வேண்டும். "எங்கள் வலயத்தில் கல்வி ஏன் சீரழிகிறது" என்று கேட்டால் யாரும் பதில் தரமாட்டார்கள். கடந்த மூன்று வருடங்களில் இந்தப் பாடசாலைக்குக் கற்றல் உபகரணம் வாங்க ஒதுக்கிய தொகை எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு, எந்தத் திகதியில் வந்தது, அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் எண்ணிக்கை என்ன, இப்போது இருப்பவர்கள் எத்தனை பேர், இவ்வளவும் போதும். இன்னொன்று, ஆசிரியர் அரசாங்க ஊழியர், தாபனக் கோவை (அரச ஊழியருக்கான விதிகள்), இடமாற்றம் என்று பயம் இருக்கும், அது வீண் பயமும் இல்லை. இந்தச் சட்டத்தில் எந்தப் பிரஜையும் கேட்கலாம், ஆகவே கடிதத்தில் ஒரு தந்தையோ தாயோ ஒப்பமிடட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து எழுத உதவுங்கள்.

மறுகா, பதில் வந்ததும் கணக்கு இன்னும் மேலே போகும். வலயத்தில் இருந்து மாகாணத்துக்கு, மாகாணத்தில் இருந்து கொழும்புக்கு, கொழும்பில் இருந்து வாஷிங்டனுக்கு. இது கூட்டத்தில் கைதட்டல் வாங்கச் சொல்கிற பேச்சு இல்லை. 2022இல் டொலர் இல்லாமல் கடதாசி தட்டுப்பட்டு மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது நினைவிருக்கும். அடுத்த வருடம் மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் நான்கு வருடத்துக்குச் சுமார் 300 கோடி டொலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. அதோடு வந்த நிபந்தனைகளில் ஒன்று, வட்டிச் செலவை விட்டுப் பார்த்தால் அரசின் வருமானம் செலவைவிட மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3% கூடுதலாக இருக்க வேண்டும் என்பது. கல்விக்கு இந்த நாடு செலவழிப்பது அதே உற்பத்தியில் 2%ஐத் தொடுவதே பெரும்பாடு. கடன்காரருக்காக மிச்சம் பிடிப்பது பிள்ளைகளுக்குக் கொடுப்பதைவிட அதிகமாக இருந்தால் வினாத்தாள் காசை யாரிடம் கேட்பார்கள்? உங்கள் துண்டுக் கடதாசிதான் அதற்குப் பதில்.

இது ஏதோ 2022இல் தொடங்கியது என்று நினைத்துவிடாமல் இருக்க, பழைய கதை கொஞ்சம் தேவை. 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் மட்டக்களப்பில் வந்திறங்கினார், அடுத்த வருடமே இறந்தும் போனார், அவர் தொடக்கியதுதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. மிஷன் பாடசாலைகள் எழுத்தறிவு கொடுத்தன, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் பிரித்தானிய ஆட்சியின் 1833 கோல்புறூக் கமரன் நிர்வாகச் சீர்திருத்தத்துக்குப் பிறகு ஆங்கிலக் கல்வியின் குறி தெளிவாகிவிட்டது: கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அலுவலகத்துக்கு, ஆங்கிலம் தெரிந்த எழுதுவினைஞர்கள் வேண்டும், மற்றவர்களுக்குத் தாய்மொழியில் கொஞ்சம் வாசிக்கத் தெரிந்தால் போதும். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் இதற்குச் சொன்ன மறுமொழிதான் எனக்குப் பிடித்தது. அவர் ஆங்கிலத்தையும் விஞ்ஞானத்தையும் தள்ளிவைக்கவில்லை, தானே விஞ்ஞானம் படித்துப் படிப்பித்தவர், ஆனால் 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்தா வித்தியாலயத்தை எழுப்பி, அந்த அறிவு நம்முடைய பிள்ளைகளுக்கும் நம்முடைய மொழிக்கும் உரியது என்று செய்து காட்டினார். கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தது, மத்திய மகா வித்தியாலயங்கள் கிராமத்துக்கு வந்தன. பிறகு 1977இல் ஆட்சிக்கு வந்த அரசாங்கத்தின் திறந்த பொருளாதாரம். கல்விச் சீர்திருத்தம் பற்றி அது கொண்டுவந்த 1981 வெள்ளை அறிக்கையை மாணவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். (இலவசப் பாடநூலை 1980இல் தொடங்கியதும் அதே அரசாங்கம்தான், வரலாறு அப்படி நேர்கோடாக இருக்காது.)

இப்போது சுற்றறிக்கை வாசிக்கப் பழகுவோம். ஒரு பென்சிலை எடுத்து, ஒவ்வொரு வசனத்திலும் இதை யார் செய்ய வேண்டும், யார் காசு கொடுக்க வேண்டும், சரிவராவிட்டால் யார் குற்றவாளி என்ற மூன்றையும் ஓரத்தில் எழுதிக்கொண்டு போங்கள். "சமூகப் பங்களிப்பு" என்று வந்தால் அது பெற்றோரின் பணப்பை. "பாடசாலை மட்ட முகாமைத்துவம்" என்றால் வேலையும் பழியும் கீழே வரும், நிதியை முடிவு செய்வது மேலேயே இருக்கும். "வளங்களை வினைத்திறனாகப் பங்கிடல்" என்பது பல நேரம் சின்னப் பாடசாலையை மூடுவதற்கு மரியாதையான பெயர். "மனித மூலதனம்" என்ற சொல்லைப் பார்த்தால் கொஞ்சம் நின்று யோசியுங்கள், பிள்ளையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். இந்தச் சொற்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிய வேண்டுமானால் உலக வங்கியின் திட்ட ஆவணங்களைத் திறந்து பாருங்கள். பொதுக் கல்வியை நவீனமயமாக்கும் திட்டம் என்று 2018இல் 10 கோடி டொலர் கடன் வந்தது, அந்த ஆவணம் இணையத்தில் யாரும் வாசிக்கக் கூடியதாகவே கிடக்கிறது, நம்மில் வாசித்தவர்கள்தான் குறைவு.

சின்னப் பாடசாலை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் அவதானமாக இருங்கள். 40 பிள்ளைகளுக்கு எட்டு ஆசிரியர்களா என்று கொழும்பில் இருந்து கேட்டால் நியாயம் போலத்தான் இருக்கும். வெல்லாவெளிப் பக்கம் யானை இறங்குகிற பாதையில், மாரியில் துறைப் படகு ஓடாத நாளில், பக்கத்துப் பாடசாலை என்பது எவ்வளவு தூரம்? அதை வரைபடமாக வரைந்து வையுங்கள். எந்த வீட்டில் இருந்து எந்தப் பிள்ளை எந்த வழியால் வருகிறது, மழையில் எந்த இடம் மூடும், பஸ் எத்தனை மணிக்கு என்று. மூடப் போகிறோம் என்ற கதை வந்த பிறகு வரையத் தொடங்கினால் காலம் பிந்திவிடும்.

வகுப்புக்குள் செய்யக் கூடியதும் இருக்கிறது, பாடத்திட்டத்தை மீறாமலே. சதவீதம் படிப்பிக்கும்போது நான் சவர்க்காரத்தை எடுப்பேன். வரி சேராமல் 200 ரூபாய் சவர்க்காரம், 2024 ஜனவரிக்கு முன் 15% வற் வரி (பெறுமதி சேர் வரி), 30 ரூபாய், அதற்குப் பிறகு 18%, 36 ரூபாய். சரி, இந்த 36 ரூபாயை யார் அரசாங்கத்துக்குக் கட்டுகிறார்கள் என்று கேட்டால் முதலில் "கடைக்காரர்" என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள், பின்வாங்கில் இருக்கிற ஒரு பிள்ளை "அப்ப நாங்கதானே சேர்" என்று சொல்லும். இலவசக் கல்வி யாரோ போட்ட பிச்சை என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு அந்த இடத்தில் ஒன்று விளங்கிவிடும், அதற்கு மேல் நீங்கள் பிரசங்கம் செய்யத் தேவையில்லை, செய்தால் கெட்டுவிடும்.

இனி கசப்பான விஷயம். பகலில் அரைகுறையாக முடித்த பாடத்தைப் பின்னேரம் ரியூட்டரியில் முழுதாகப் படிப்பிக்கிறவர்கள் நம்மிலும் இருக்கிறோம். சம்பளம் போதவில்லை என்பது உண்மை, 24 வருடச் சம்பள முரண்பாட்டுக்காகத்தான் 2021இல் மூன்று மாதத்துக்கு மேல் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தினோம். ஆனாலும் என் வகுப்புப் பிள்ளையிடமே நான் ரியூசன் காசு வாங்கினால் தனியார்மயத்துக்கு வேறு முகவர் தேவையில்லை. குறைந்தது இதையாவது செய்யலாம்: சொந்த வகுப்புப் பிள்ளையைக் காசுக்குப் படிப்பிப்பதில்லை என்று ஒரு பாடசாலை ஆசிரியர்கள் கூடி முடிவெடுப்பது. தனியாக எடுத்தால் அந்தப் பிள்ளை அடுத்த சேரிடம் போகும், அவ்வளவுதான் நடக்கும்.

தொழிற்சங்கத்தில் இருங்கள், ஆனால் வேலைநிறுத்த அறிவித்தல் வந்த அன்றைக்கு முதல் தடவையாகப் பெற்றோரைத் தேடிப் போகாதீர்கள். 2021இல் நமக்கு இருந்த பலவீனம் அதுதான் என்று நினைக்கிறேன், பிள்ளைகள் சிக்னல் தேடி வயல் வரம்பில் நின்ற நேரத்தில் சம்பள முரண்பாட்டை யாருக்கு விளங்கப்படுத்துவது. 2012இல் சிக்காகோ ஆசிரியர்கள் ஏழு பாடசாலை நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது பெற்றோர் பலர் கூடவே தெருவில் நின்றார்கள், பாடசாலை மூடல்களுக்கு எதிரான கூட்டங்களில் அதற்கு முன்பே அவர்களோடு ஆசிரியர்கள் நின்றிருந்தார்கள் என்பதால். அப்படியிருந்தும் அடுத்த வருடம் அங்கே ஏறத்தாழ 50 பாடசாலைகளை மூடினார்கள். அதே 2012இல் இங்கே பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6%ஐக் கல்விக்கு ஒதுக்கு என்று மூன்று மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். 6% இன்னும் வரவில்லை, ஆனால் இன்று சந்தையில் மீன் விற்கிறவருக்கும் அந்த எண் தெரியும்.

இவ்வளவையும் தனியாளாகச் செய்ய முடியாது. வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படித்தவர்களுக்குக் குப்பி என்றால் தெரியும்: பரீட்சைக்கு முன் மூத்த மாணவர்கள் இளையவர்களைக் கூட்டி வைத்து, காசு வாங்காமல் சொல்லிக் கொடுப்பது. அதே மாதிரி மாதத்தில் ஒரு நாள், ஐந்து ஆறு ஆசிரியர்கள், ஒரு சுற்றறிக்கை அல்லது ஒரு வரவுசெலவுப் பக்கம். முஸ்லிம் பாடசாலையில் இருந்தும் இரண்டு பேரைக் கூப்பிடுங்கள், கல்முனை மாதிரி இடத்தில் இதைச் செய்யாவிட்டால் ஒரு வலயத்துக்குக் கிடைக்காததை மற்ற வலயம் பறித்துவிட்டது என்ற கதைதான் மிஞ்சும், இரண்டு பக்கத்துத் துண்டுகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தால் தொகைகூட அச்சொட்டாக ஒன்றாக இருக்கும். முடிவெடுத்ததைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுபோய், ஒரு தாயைப் பேச வைத்து, கூட்ட அறிக்கையில் எழுதப்படும் வரைக்கும் எழும்பாமல் இருங்கள். எழுதாவிட்டால் அப்படி ஒரு கூட்டம் நடக்கவே இல்லை என்பார்கள்.

கடிதங்கள், பதில்கள், துண்டுகள், வரைபடம் எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று பாடசாலை அலுமாரியில் இருக்கலாம். மற்றது மார்கழி வெள்ளம் ஏறாத வீடு யாருடையதோ அங்கே, பொலித்தீனில் சுற்றி, பரணில்.