அயிரையை வீட்டில் வைத்துப் பார்ப்பது எப்படி

எங்கள் காரைக்குடிப் பக்கம் அயிரை என்றாலே குழம்புதான். எனக்கும் பிடிக்கும். ஆனாலும் உயிரோடு வாங்கும் மீனில் ஐந்தாறை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். விரல் நீளம்கூட இல்லாத இந்த மீனிடம் பார்க்க எவ்வளவோ இருக்கிறது.

முதலில் பாத்திரம். நம் வீடுகளில் பித்தளை அண்டாவும் செம்புப் பானையும் நிறைய உண்டு, அவற்றில் மட்டும் விடாதீர்கள். செம்பு தண்ணீரில் கரைந்தால் மீன் தாங்காது. அகலமான கண்ணாடித் தொட்டி போதும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

அடுத்தது மணல். இதில் சமரசமே கூடாது. அடியில் மூன்று விரல் உயரத்துக்கு நைசான ஆற்று மணல் வேண்டும். ஆத்தங்குடித் தரைக்கல் போடுபவர்களிடம் சலித்த மணல் கிடைக்கும், ஆனால் சிமென்ட் துளியும் படாததாகப் பார்த்து வாங்கி நன்றாக அலசுங்கள். கூரான சல்லி மீனின் வாயோர மீசையைக் கிழித்துவிடும்.

மீனை விட்டதும் மணலுக்குள் புகுந்து கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளும். அப்புறம் பொழுது சாயும்போது மேய வரும். வாயால் மணலை அள்ளி, இரையைச் சலித்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் செவுள் வழியாக விடும். சமைக்கும் முன் பாலில் விட்டு மண்ணைக் கக்க வைக்கிறோமே, அது ஏன் தேவைப்படுகிறது என்பது இதைப் பார்த்தால் விளங்கும். இரையாகக் கொசுப்புழுவோ, ஊறவைத்த கடலைப் புண்ணாக்கு ஒரு சிட்டிகையோ மாலையில் போடுங்கள்.

அவ்வப்போது விருட்டென்று மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். அந்தக் காற்றிலுள்ள ஆக்சிஜனைக் குடல் உறிஞ்சிக்கொள்ளும், மிச்சம் பின்பக்கமாகக் குமிழியாகப் போகும். கோடையில் கண்மாய் வற்றி வெந்நீராகக் கிடக்கும்போது இது தாக்குப்பிடிப்பதற்கு இந்தக் குடல்தான் பெரிய துணை. 1846-இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது இலங்கையின் கன்னியா வெந்நீர் ஊற்றில் கிடைத்த மீனைப் பார்த்துத்தான், வெப்பத்தைக் குறிக்கும் 'தெர்மாலிஸ்' என்ற சொல்லைச் சேர்த்தார்கள். உங்கள் தொட்டியில் எல்லா மீனும் ஓயாமல் மேலே வந்தால் தண்ணீர் கெட்டுவிட்டது என்று அர்த்தம். மூன்றில் ஒரு பங்கை உடனே மாற்றுங்கள்.

வலையால் பிடிக்காதீர்கள். கண்ணுக்குக் கீழே இரட்டை நுனி முள் ஒன்று உண்டு, பயந்தால் அதை விரிக்கும், வலையில் சிக்கிக்கொள்ளும். டம்ளரால் மொண்டு எடுங்கள். அப்போதே பக்கத்துடுப்பையும் பாருங்கள்: உள்பக்க முட்கள் தடித்து ஒட்டியிருந்தால் ஆண்.

மழை நாளில் துள்ளி வெளியே விழும், கொசுவலைத் துணியால் தொட்டியை மூடி வையுங்கள்.

பார்த்து முடித்தபின் பக்கத்து ஊருணியில் கொட்டிவிட வேண்டாம். சந்தை மீன் எந்த ஊர்த் தண்ணீரில் பிடித்தது, என்ன நோயோடு வந்தது என்று தெரியாது. வாய்க்காலில் நீங்களே பிடித்ததானால் அதே இடத்தில், மணல் இன்னும் மிச்சமிருக்கும் ஓரமாகப் பார்த்து விடுங்கள்.