லாக்அவுட் செய்தும் குக்கி போகவில்லையா? பாத்தைப் பாருங்கள்

ஏற்காட்டில் காட்டேஜ் நடத்தும் நண்பருக்கு அறை முன்பதிவுத் தளம் ஒன்று எழுதிக் கொடுத்தேன். லாக்அவுட் அழுத்தினாலும் முன்பதிவுப் பக்கம் பழைய ஆளையே காட்டியது. சேலத்தில் வீட்டில் உட்கார்ந்து அரை நாள் தேடினேன்.

யார் உள்நுழைந்திருக்கிறார் என்பதை அடையாளம் காண உலாவி வைத்திருக்கும் சிறு தகவல்தான் குக்கி. சர்வரால் உலாவிக்குள் கைவிட்டு அதை நீக்க முடியாது. அதே பெயரில் மேக்ஸ்-ஏஜ் (குக்கியின் ஆயுள்) 0 போட்டு இன்னொரு செட்-குக்கி, அதாவது குக்கி வைக்கச் சொல்லும் தலைப்பு, அனுப்ப வேண்டும், அதுதான் வழக்கமான வழி. ஆனால் பெயர், டொமைன் (தளத்தின் முகவரி), பாத் (தளத்துக்குள் எந்தப் பகுதிக்கு குக்கி செல்லும் என்பது) மூன்றும் அச்சு அசலாகப் பொருந்த வேண்டும். நான் வைத்தபோது பாத் முன்பதிவுப் பக்கத்தினுடையது. அழித்தபோது வெறும் சாய்கோடு (/), அதாவது முழுத் தளம். உலாவிக்கு அவை இரண்டு வேறு குக்கிகள்.

உலாவி திருப்பி அனுப்புவது பெயரும் மதிப்பும் மட்டும்தான், பாத் வராது. அதனால் சர்வருக்கு வரும் கோரிக்கைகளை எவ்வளவு பார்த்தாலும் இது தெரியாது. குரோமில் எஃப்12 அழுத்தி, அப்ளிகேஷன் டேபில் குக்கீஸ் பகுதியைத் திறந்தால் பாத் தனிப் பத்தியில் நிற்கும்.

அப்புறம், லாக்அவுட்டில் சர்வரில் இருக்கும் செஷனையும் (உள்நுழைந்தவர் பற்றிய பதிவு) கட்டாயம் அழித்துவிடுங்கள். குக்கியை முன்பே யாராவது நகலெடுத்திருந்தால், உலாவியில் மட்டும் அழிப்பது அவரைத் தடுக்காது.