கோவையிலிருந்து நியூசிலாந்து: ஓய்வுபெற்ற தம்பதிகள் 45 நாள் பயணத்துக்குத் தயாராவது எப்படி?

முதன்முறை நெடுந்தூரம் கிளம்பும் அறுபது வயதுக்காரர்களுக்கு நியூசிலாந்தின் தென்தீவு தோதான இடம். வண்டி நம் ஊர் மாதிரியே இடதுபக்கம் ஓடுகிறது. பனிமலை, ஏரி, கடல் எல்லாம் சில மணி நேரக் கார் தூரத்துக்குள் இருக்கின்றன. பயணம் கெடுவது பெரும்பாலும் வீட்டிலேயேதான், காகிதத்திலும் பெட்டியிலும். அதனால் அவை இரண்டைப் பற்றியும் கொஞ்சம் நீட்டியே சொல்கிறோம்.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

அங்கே பருவம் தலைகீழ். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. ஜனவரி முடியும்வரை பள்ளி விடுமுறை, அறை வாடகை எகிறும். பொங்கலை வீட்டில் முடித்துவிட்டு பிப்ரவரி இரண்டாம் வாரம் கிளம்புவது உத்தமம். மஞ்சள் வெட்டு இருக்கிறவர்கள் மார்ச்சில் கிளம்பலாம். ஏப்ரலில் இலைகள் பொன்னிறமாகும், குளிரும் கூடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாலையில் பனி உறையும், முதல் பயணத்துக்கு வேண்டாம்.

ஓய்வூதியத்தையும் பாருங்கள். மத்திய அரசு ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்று கொடுப்பது நவம்பரில். மாநில அரசு ஓய்வூதியர்கள் தங்களுக்கு நேர்காணல் எந்த மாதம் என்று கருவூலத்தில் கேட்டுக்கொண்டு தேதி குறியுங்கள்.

2. ஆறு மாதம் முன்பு: பாஸ்போர்ட்

அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். அடுத்தது பெயர். நம்மில் பலருக்கு ஆதாரில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, வங்கியில் இன்னொரு மாதிரி. விசா, டிக்கெட், இன்சூரன்ஸ் மூன்றிலும் பாஸ்போர்ட்டில் இருப்பது எழுத்துக்கு எழுத்து அப்படியே வரவேண்டும். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும் பாஸ்போர்ட் என்றால், டிக்கெட் போடும் முன் விமான நிறுவனத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக நிரப்பச் சொல்லும்.

3. மூன்று, நான்கு மாதம் முன்பு: விசா

விசிட்டர் விசாவுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். செலவுக்குத் தலைக்கு மாதம் 1,000 நியூசிலாந்து டாலர் காட்ட வேண்டும். தங்குமிடத்துக்கு முன்பே பணம் கட்டியிருந்தால் 400 போதும். இது குறைந்தபட்சம். கணக்கில் இதைவிடத் தாராளமாக இருப்பது நல்லது.

அதிகாரி பார்ப்பது இரண்டு: பணம் யாருடையது, நீங்கள் திரும்பி வருவீர்களா. பென்ஷன்காரர்களுக்கு ஓய்வூதிய ஆணையும் வங்கிக் கணக்கு விவரமும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பண்ணையம் பார்ப்பவர்களுக்குத்தான் இடறும். விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை என்பதால் பலரிடம் ரிட்டர்ன் இருக்காது. தாசில்தார் தரும் வருமானச் சான்று, பட்டா, சிட்டா வையுங்கள். தமிழில் இருக்கும் ஒவ்வொரு தாளுக்கும் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். கூட்டுப்பட்டா என்றால் உங்கள் பங்கு எவ்வளவு என்று விண்ணப்பத்தோடு வைக்கும் கடிதத்தில் ஒரு வரி எழுதுங்கள்.

கணக்கில் திடீரென்று நாலு லட்சம் விழுந்திருந்தால் கேள்வி வரும். மஞ்சள் விற்ற பணமா? மண்டிச் சீட்டை இணையுங்கள். மகன் அனுப்பியதா? அவர் கடிதமும் அவருடைய கணக்கு விவரமும் சேரட்டும். விளக்கம் இல்லாத பணத்தை யாரோ காட்டுவதற்காகப் போட்டது என்றே எடுத்துக்கொள்வார்கள்.

4. டிக்கெட்

விசா கைக்கு வந்த பிறகு. கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து தென்தீவின் பெரிய நகரமான கிரைஸ்ட்சர்ச் ஏறக்குறைய 10 மணி நேரம். இரண்டையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் சிங்கப்பூரில் குடியுரிமைச் சோதனை தாண்டிப் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் போனது போனதுதான். ஆஸ்திரேலியா வழியாகப் போனால் மாறி ஏறுவதற்கே தனி விசா வேண்டும்.

5. இன்சூரன்ஸும் மாத்திரையும்

அங்கே விபத்தில் அடிபட்டால் சுற்றுலாப் பயணிக்கும் அரசின் ஏசிசி திட்டம் சிகிச்சைச் செலவில் கைகொடுக்கும். நோய்க்குக் கிடையாது. அதனால் நெஞ்சுவலிக்கும் நிமோனியாவுக்கும்தான் இன்சூரன்ஸ். பிபி, சுகர், ஸ்டென்ட் எதையும் மறைக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் மொத்த கிளெய்மும் போய்விடும். பிரீமியத்தை விட, இதய நோய்க்கு எவ்வளவு சப் லிமிட் (அந்த நோய்க்கு மட்டும் தரும் உச்சத் தொகை) என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

சாதாரண மருந்துகள் 3 மாத அளவு வரை கொண்டுபோகலாம். அட்டையோடு, டாக்டர் சீட்டோடு. கிழமை போட்ட டப்பாவில் பிரித்துப் போட்டால் எது என்ன மாத்திரை என்று யாருக்கும் தெரியாது. இன்சுலின் கைப்பையில்தான், அடியில் போகும் பெட்டியில் உறைந்து வீணாகலாம். கோடையில் அங்கே நம்மைவிட ஏழரை மணி நேரம் முன்னால். கிழக்கே போகிற அன்று நாள் சுருங்குவதால், ஊசி போடும் நேரத்தை டாக்டரிடம் முன்பே எழுதி வாங்குங்கள்.

6. பெட்டி, செருப்பு

நம் ஊர்க்காரர்கள் மாட்டுவது இங்கேதான். கிளம்பும் முன் 24 மணி நேரத்துக்குள் பயணி அறிவிப்புப் படிவத்தை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்டால் போலித் தளம். உணவு எது இருந்தாலும் ‘ஆம்’ என்று போடுங்கள். அறிவித்த பொருளை வேண்டாம் என்றால் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அறிவிக்காமல் பிடிபட்டால் அங்கேயே 400 டாலர் அபராதம்.

முளைக்கக்கூடிய முழுக் கொள்ளு, கறிவேப்பிலை, தேங்காய், எலுமிச்சை, தேன் இவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நெய்யும் பால் இனிப்பும் வேண்டாம். இங்கே கோமாரி நோய் இருப்பதால் பால் பொருளில் அவர்கள் கறார். சம்பந்தி ஆசையாகக் கட்டிக் கொடுக்கும் மைசூர்பாகுக்கும் இதே கதிதான். கடையில் சீல் போட்ட, ஆங்கிலத்தில் பொருள் விவரம் அச்சிட்ட பருப்புப்பொடி பாக்கெட்டை அறிவித்துக் கொண்டுபோகலாம்.

தோட்டத்துக்குப் போட்டுப் போன ஷூவைத் தனியாகக் கவனியுங்கள். அடிப்பாகத்தை வெந்நீரில் அரைமணி ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் ஒவ்வொரு பள்ளமாகத் தேய்த்து, வெயிலில் காயவையுங்கள். செம்மண்ணோ சாணமோ ஒரு கீற்று இருக்கக் கூடாது. பெட்டியின் சக்கரத்துக்கும் இதே வைத்தியம். 30 நாளுக்குள் ஆடு மாடு பக்கம் போயிருந்தால் படிவத்தில் அதையும் சொல்ல வேண்டும்.

7. கிளம்பும் வாரம்

சிம்மில் ரோமிங் போடுங்கள், ரீசார்ஜ் 60 நாளாவது தாங்கட்டும். அதை விட்டால் அங்கே வங்கி ஓடிபி வராது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில்லுக்குப் பக்கத்து வீட்டில் யாரையாவது சொல்லி வையுங்கள். கார் ஓட்டுபவர்கள் ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள். சில வாடகை நிறுவனங்களில் வயது வரம்பு உண்டு, கேட்டுப் பாருங்கள்.

8. வழி

நாளுக்கு ஓர் ஊர் என்று போட்டால் பத்தாம் நாளே முழங்கால் பேசும். ஊருக்கு நான்கு இரவு வையுங்கள். இறங்கிய அன்று கார் எடுக்க வேண்டாம். கிரைஸ்ட்சர்ச்சில் மூன்று இரவு தூங்கி எழுந்து, ஒருநாள் டிரான்ஸ்அல்பைன் ரயிலில் மலை தாண்டி மேற்குக் கரையிலுள்ள கிரேமவுத் போய் வாருங்கள், ஒருவழி 223 கிலோமீட்டர். பிறகு டெகபோ ஏரி, 3,724 மீட்டர் மவுண்ட் குக், குயின்ஸ்டவுன்.

மலைகளுக்கு நடுவே கடல் புகுந்திருக்கும் மில்ஃபர்டு சவுண்டுக்குக் குயின்ஸ்டவுனிலிருந்து ஒரே நாளில் போய்வரச் சொல்வார்கள். போக நான்கு மணி, வர நான்கு மணி. படகில் தூங்கி வழிவீர்கள். வழியில் இருக்கும் தே அனா என்ற ஊரில் தங்கினால், அங்கிருந்து 118 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம்தான். டேங்கை அங்கேயே நிரப்புங்கள், அதற்கு மேல் செல்போன் சிக்னலும் பெரிதாக இருக்காது. வழியில் ஒற்றை வண்டிப் பாலங்கள் வரும்: பலகையில் உங்கள் பக்கத்துக்குச் சின்னச் சிவப்பு அம்பு என்றால் நின்று எதிர்வண்டிக்கு வழிவிட வேண்டும். மழை பெய்தால் படகை ரத்து செய்யாதீர்கள். மழை நாளில்தான் பாறை முழுக்க அருவி கொட்டும். கரையில் இறங்கும்போது முழுக்கை சட்டை, பூச்சி விரட்டி களிம்பு இரண்டும் வேண்டும். அங்கே இருக்கும் மணல் ஈ என்ற சின்னப் பூச்சி கடித்தால் நாலு நாள் சொறிய வேண்டியதுதான்.