காலநிலைப் பாடத்துக்கு இணையத்தைத் திறக்கும் முன்: குமரி ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஆடி மாதம் எட்டாம் வகுப்பில் இரண்டு செயற்கைக்கோள் படங்களைத் திரையில் போட்டேன். நம் மேற்குக் கடற்கரையின் ஒரே துண்டு. ஒன்று பிப்ரவரியில் எடுத்தது, இன்னொன்று நாலைந்து வருடம் கழித்து ஆகஸ்டில் எடுத்தது. இரண்டாவதில் மணலே இல்லை. "பார்த்தீர்களா, கடல்மட்டம் உயர்ந்து கரையைத் தின்றுவிட்டது" என்று நான் சொல்லி முடிக்கவில்லை, பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "சார், ஆனி ஆடியில கடல் மண்ணக் கொண்டு போவும். பொறவு அதுவே கொண்டு வந்து போடும்." வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன், வேறு வழி? அவன் அப்பா கடலுக்குப் போகிறவர்.

கூகுள் எர்த்தில் பழைய படங்களைத் திறந்தால் எடுத்த தேதியும் கூடவே வரும். நான் அதைப் பார்க்கவில்லை. கரையை ஒப்பிட வேண்டுமானால் ஒரே மாதத்துப் படங்களை எடுக்க வேண்டும், அதுவும் இரண்டு போதாது, ஏழெட்டாவது வேண்டும். அப்படிப் பார்த்தால் சில இடங்களில் கரை உண்மையாகவே பின்வாங்கியிருப்பது தெரியும். அப்போதும் அவசரப்படக் கூடாது. மணல் கரையோரமாகவே நகர்ந்துகொண்டிருக்கும் பொருள். துறைமுகச் சுவரோ, கரையிலிருந்து கடலுக்குள் கல் போட்டுக் கட்டும் தூண்டில் வளைவோ குறுக்கே வந்தால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் அரிக்கும். உலகக் கடல்மட்டம் 1901-க்கும் 2018-க்கும் இடையில் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது என்பதும் உண்மை. நம் ஊர் அரிப்பில் இவற்றுக்கு எவ்வளவு எவ்வளவு பங்கு என்று கேட்பதுதான் பாடம். இணையத்துக் காணொளிகள் பெரும்பாலும் அந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடும்.

கடலில் நடப்பதையெல்லாம் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதுவதைத்தான் நான் முதல் தவறாகச் சொல்வேன். 'காலநிலை மாற்றத்தால் வந்த பேரிடர்களைப் பட்டியலிடுக' என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் சுனாமி என்று எழுதுவார்கள். குளச்சலும் மணக்குடியும் பட்ட பாட்டைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் 2004-இல் வந்தது சுமத்ரா அருகே கடலடியில் நடந்த நிலநடுக்கத்தால். அதற்கும் கரியமில வாயுவுக்கும் தொடர்பில்லை. வெள்ளம், புயல், சுனாமி, எரிமலை எல்லாவற்றையும் ஒரே இசையோடு கோத்துக் காட்டும் தொகுப்புகள்தான் இந்தக் குழப்பத்துக்குத் தீனி போடுகின்றன.

கள்ளக்கடலும் அப்படித்தான். காற்றே இல்லாத நாளில் திடீரென்று கடல் ஏறி வரும். தெற்கு இந்தியப் பெருங்கடலில், எங்கோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், வீசிய புயற்காற்று கிளப்பிய அலை அது. கடற்கரை மக்கள் வைத்த பேரையே அறிவியலாளர்களும் எடுத்துக்கொண்டார்கள். 2024 மே மாதம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாட்களில்தான். ஹைதராபாத்தில் இருக்கும், கடல் நிலவரம் சொல்லும் மத்திய அரசின் இன்காய்ஸ் நிறுவனத்தின் தளத்தில் அலையின் உயரமும், ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே எத்தனை விநாடி என்பதும் முன்னறிவிப்பாக வரும். வகுப்பில் திறக்க இதைவிட நல்ல பக்கம் எனக்குத் தெரியாது. பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு வீட்டில் போய்ச் சொல்கிறார்கள்.

சரி, பாட்டில் சோதனைக்கு வருவோம். எல்லாரும் செய்திருப்போம். இரண்டு பிளாஸ்டிக் பாட்டில், ஒன்றில் வினிகரும் சோடா உப்பும் போட்டுக் கரியமில வாயு, இன்னொன்றில் வெறும் காற்று. மேலே குண்டு பல்பு. பத்து நிமிடத்தில் கரியமில வாயு பாட்டிலின் வெப்பமானி இரண்டு டிகிரி கூடக் காட்டும், பிள்ளைகள் கைதட்டுவார்கள், நாம் 'இதுதான் பசுமை இல்ல விளைவு' என்று கரும்பலகையில் எழுதுவோம். விடை சரி, காரணம் தப்பு. கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. அடியிலேயே தங்கி மேலே உள்ள காற்றோடு கலக்காமல் இருப்பதால்தான் சூடு வெளியே போக நேரமாகிறது. அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சவே உறிஞ்சாத ஆர்கான் வாயுவை வைத்துச் செய்தாலும் கிட்டத்தட்ட அதே வேறுபாடு வரும் என்று இயற்பியலாளர்கள் 2010-இலேயே செய்து காட்டிவிட்டார்கள். இணையத்தில் இந்தச் சோதனை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும், திரையிலேயே செய்து பார்க்கும் 'ஃபெட்' உருவகச் சோதனைகளில் பசுமை இல்ல விளைவுக்கு ஒன்று உண்டு. மஞ்சள் புள்ளியாக வெயில் இறங்குவதும், சிவப்புப் புள்ளியாகத் தரையின் வெப்பம் ஏறுவதும், வாயு கூடக் கூட அந்தச் சிவப்பு திரும்பித் திரும்பி அடிப்பதும் கண்ணுக்குத் தெரியும். போனிலும் ஓடும். முன்னாலேயே இறக்கி வைத்துக்கொண்டால் பேச்சிப்பாறைக்கு மேலே சிக்னல் கிடைக்காத பள்ளியிலும் காட்டலாம். நேரலை இணையத்தை நம்பிப் பாடத்தைத் தொடங்குவதும் ஒரு தவறுதான், ஆனால் அதை ஒரு தடவை பட்டவருக்கு விளக்க வேண்டியதில்லை.

தானியங்கி மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஓர் ஆங்கிலக் காணொளியைத் தமிழ் வரிகளோடு போட்டேன். கீழே 'பசுமை வீடு பூமியைச் சூடாக்குகிறது' என்று ஓடியது. ஒரு பிள்ளை எழுந்து, "எங்க மாமா வீடு பசுமை வீடுதான் சார், சோலார் லைட்டெல்லாம் உண்டு, சூடா இருக்காதே" என்றது. 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் கட்டிய வீடு! தப்பு பிள்ளையுடையது இல்லை. ஒரு தளத்தில் பசுமை இல்லம், இன்னொன்றில் பசுங்குடில், மற்றொன்றில் பைங்குடில். நம் பாடநூல் எந்தச் சொல்லை வைத்திருக்கிறதோ அதையே வகுப்பிலும் பிடித்துக்கொண்டு, மற்றவற்றைப் பலகையின் ஓரத்தில் எழுதிப் போட்டுவிடுவது நல்லது. தமிழிலேயே தயாரித்த பாடம் வேண்டுமென்றால் பள்ளிக்கல்வித் துறையின் மணற்கேணி செயலியில் முதலில் தேடிவிட்டு அப்புறம் வெளியே போகலாம்.

ஓசோன் ஓட்டை வழியாக வெயில் உள்ளே வந்துதான் பூமி சூடாகிறது என்று காட்டும் படங்களையும் கண்டதும் ஒதுக்கிவிடுங்கள். அது வேறு கதை. அதேபோல டம்ளர் தண்ணீரில் ஐஸ் போட்டு உருகவிட்டு 'கடல் இப்படித்தான் உயரும்' என்று காட்டுவது. மிதக்கும் ஐஸ் உருகினால் டம்ளரில் மட்டம் உயராது, வேண்டுமானால் கோடு கிழித்துப் பாருங்கள். ஒரு கல்லைத் தண்ணீருக்கு வெளியே தலை தெரிய வைத்து, அதன் மேல் ஐஸை வைத்தால்தான் கிரீன்லாந்து. சூடாகும் தண்ணீர் விரிவதும் சேர்ந்துதான் கடல் உயர்கிறது என்பதைப் பல காணொளிகள் சொல்வதே இல்லை.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது, 'உங்கள் ஊர் 2100-இல் மூழ்குமா' என்று காட்டும் வரைபடங்கள். எனக்கு அவற்றைக் கண்டால் கொஞ்சம் பயம். மட்டத்தை ஐந்து மீட்டருக்குத் தள்ளிவிட்டு மணக்குடி நீலமானதும் கூச்சல் போடுவார்கள். கீழே எத்தனை மீட்டர் என்று யாரும் படிப்பதில்லை. இன்னொரு சங்கதி, சில வரைபடங்களுக்கு அடிப்படையான பழைய விண்வெளி ரேடார் அளவு தரையை மட்டும் அளந்ததல்ல, மரத்தின் தலையும் கூரையும் அதில் கலந்திருக்கும். தென்னந்தோப்பு அடர்ந்த நம் கரையில் தரை உள்ளதைவிட மேடாகத் தெரிய இதுவே போதும். பக்கத்திலேயே முட்டம் பாறைமேல் நிற்கிறது, அதற்கு அந்தக் கவலை குறைவு. ஆகவே வரைபடம் எந்த அளவீட்டில் செய்தது என்று தேடிப் படிக்காமல் வகுப்பில் திறக்க வேண்டாம்.

மழைப் படங்களிலும் இதே கதை. 'தமிழ்நாட்டுக்கு மழை வடகிழக்குப் பருவத்தில்' என்று தொடங்கும் எந்தப் பாடமும் நமக்குப் பாதிதான் பொருந்தும், நமக்கு இரண்டு பருவமும் உண்டு. வருங்கால மழையைக் கணினியில் கணக்கிடும் உலகக் காலநிலை மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள்ளும்; பலவற்றில் ஒரு கட்டம் என்பது நூறு கிலோமீட்டருக்கு நூறு கிலோமீட்டர். நம் மாவட்டத்தின் பரப்பே 1,700 சதுர கிலோமீட்டருக்குள்தான். குலசேகரத்து ரப்பர் தோட்டமும் ஆரல்வாய்மொழிக் காற்றாலையும் கடலும் ஒரே நிறத்துக்குள் அடங்கிவிடும். அதைப் பார்த்து நம் தாலுகாவுக்கு ஆரூடம் சொல்லக் கூடாது.

எண்கள் இரண்டு தளத்தில் இரண்டு விதமாக இருந்தால் பிள்ளைகள் 'எல்லாம் பொய்' என்று முடிவுகட்டிவிடுவார்கள். 2024-இன் உலக வெப்பம் நாசா கணக்கில் 1.28 டிகிரி கூடுதல், உலக வானிலை அமைப்பின் கணக்கில் 1.55. எதைவிடக் கூடுதல் என்பதில்தான் வேறுபாடு: முன்னது 1951–1980 சராசரியோடு ஒப்பிட்டது, பின்னது 1850–1900 காலத்தோடு. இதை விளக்க ஒரு பீரியட் செலவானாலும் பரவாயில்லை.

ஒரே ஒரு தவறுக்கு மட்டும் என்னிடம் சமாதானம் இல்லை. ஒரு கடலோரப் பள்ளியில், புயல் பாடத்துக்கு 2017 ஒக்கிப் புயல் காணொளியைச் சத்தத்தோடு போட்டார்கள். முன் வரிசையில் ஒரு பெண்பிள்ளை மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டது. அந்தப் புயலில் போன அதன் அப்பா திரும்பவில்லை என்பது வகுப்பில் எல்லாருக்கும் தெரியும், படம் போட்டவருக்குத் தவிர. நம் கரையில் பேரிடர்க் காணொளி போடும் முன் வகுப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். கூடுமானால் படமே வேண்டாம், புயல் போன பாதையைக் காட்டும் வரைபடம் போதும்.

இப்போது என் வகுப்பில் ஒரு நோட்டு ஓடுகிறது. தினமும் பேப்பரில் வரும் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் நீர்மட்டத்தை முறைவைத்து எழுத வேண்டும். அவற்றின் முழு மட்டமான 48 அடிக்கும் 77 அடிக்கும் எவ்வளவு குறைவு, கன்னிப்பூ என்னும் முதல் போக நெல் நடவுக்குத் தண்ணீர் என்றைக்குத் திறந்தார்கள், அன்று மழை இருந்ததா என்று பக்கத்தில் ஒரு வரி. இரண்டாம் வருடத்திலேயே ஒருவன், "சார், மழை குறஞ்சிட்டு, காலநிலை மாறிட்டு" என்றான். முப்பது வருடம் எழுதினால்தான் அதைக் காலநிலை என்று சொல்லலாம் என்றேன். "அப்போ நமக்கு எவ்வளவு வயசு சார்?" என்று கணக்குப் போட்டுவிட்டு, நோட்டின் அட்டையில் 'அடுத்த வகுப்புக்கு' என்று எழுதி வைத்திருக்கிறான்.