பிள்ளைகள் இல்லாத தனியர்கள் பவரிலும் உயிலிலும் செய்யும் தவறுகள்

"தம்பி பேருக்குப் பவர் எழுதிக் கொடுத்துட்டேன், இனிமே கவலையில்லை." திருமணம் செய்துகொள்ளாதவர்களும் துணையை இழந்தவர்களும் இப்படிச் சொல்வதை அடிக்கடி கேட்கலாம். பவர் என்பது நம் சார்பில் செயல்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். அவர்கள் எதற்காகப் பவர் எழுதினார்களோ, அந்த நேரத்தில்தான் அது செல்லாமல் போகும்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 201-ஆம் பிரிவுப்படி, எழுதிக் கொடுத்தவர் இறந்தாலோ சித்தசுவாதீனம் இழந்தாலோ பவர் முடிந்துவிடும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்திருந்தாலும் இதில் மாற்றமில்லை. மறதிநோய் முற்றிய பிறகும் நீடிக்கும் பவரைப் பற்றி இணையத்தில் படித்திருப்பீர்கள். அது வேறு நாட்டுச் சட்டம், இங்கே கிடையாது. அந்த நிலை வந்தபின் வீட்டை விற்றுச் சிகிச்சை பார்க்க வேண்டுமானால், யாராவது உயர் நீதிமன்றம் போய்ப் பாதுகாவலராக நியமனம் பெற வேண்டும். கணவனோ மனைவியோ பிள்ளையோ இல்லாதவருக்காக யார் அலைவார்கள்? சொத்து கணிசமாக இருந்தால், நல்ல நினைவோடு இருக்கும்போதே தனியார் டிரஸ்ட் (சொத்தை நம்பகமானவரிடம் ஒப்படைத்து உங்களுக்காக நிர்வகிக்கச் செய்யும் ஏற்பாடு) ஒன்றை அமைப்பதைப் பற்றி வழக்கறிஞரிடம் கேளுங்கள். உங்கள் நினைவு தப்பினாலும் அதை நிர்வகிக்கும் டிரஸ்டியின் அதிகாரம் போகாது.

மருத்துவ முடிவுகளைப் பவரிலேயே எழுதிவிடலாம் என்பதும் தப்புக்கணக்கு. மீளவே முடியாத நிலையில் உயிர்காப்புச் சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதற்கு, உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்ற முன்கூட்டிய மருத்துவ உயில் இருக்கிறது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கினார்கள்: இரண்டு சாட்சிகளோடு, நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும். உங்கள் சார்பில் பேச வேண்டியவரின் பெயரை அதில் எழுதலாம். எழுதுமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அடுத்தது, "எனக்கு என்ன பெரிய சொத்து, உயில் எதற்கு?" என்ற அலட்சியம். நீங்கள் எழுதாவிட்டால் சட்டம் தன் வரிசைப்படி பிரித்துக் கொடுக்கும். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-க்கு உட்பட்டவர்களுக்கு அந்த வரிசை சில சமயம் அதிர்ச்சி தரும். மணமாகாத ஆண் இறந்தால் முதலில் தாய், அவர் இல்லையென்றால் தந்தை, பிறகு உடன்பிறந்தவர்கள். அண்ணன் முன்பே இறந்து தங்கை மட்டும் உயிருடன் இருந்தால், அண்ணன் பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடையாது. எடுத்து வளர்த்த அண்ணன் மகளாக இருந்தாலும் அப்படித்தான். பிள்ளையில்லாத விதவை உயிலின்றி இறந்தால், பெற்றோர் வழியில் வந்த சொத்து மட்டும் தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். அவர் சொந்தமாகச் சம்பாதித்தது கணவனின் வாரிசுகளுக்குப் போகும். புகுந்த வீட்டார் துரத்திவிட, பிறந்த வீட்டில் இருந்து படித்து வேலைக்குப் போன ஒரு பெண்ணின் சேமிப்பைக்கூட 2009-இல் உச்ச நீதிமன்றம் கணவன் வழி வாரிசுகளுக்கே கொடுத்தது. நியாயமா என்று கேட்டால், என்னைப் பொறுத்தவரை இல்லை. ஆனால் சட்டம் அப்படி. உயில் இருந்திருந்தால் அந்தப் பணம் அவர் நினைத்தவரிடம் போயிருக்கும்.

நாமினி போட்டாயிற்றே என்பார்கள். வங்கிக் கணக்கிலும் பங்குகளிலும் நாமினி என்பவர் பணத்தைப் பெற்று வைத்திருப்பவர்தான், உரிமை வாரிசுகளுடையது. 2023 டிசம்பரில் பங்குகள், மியூச்சுவல் ஃபண்டு தொடர்பான வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. ஆகவே உயிலில் இருக்கும் பெயரும் நாமினி பெயரும் ஒன்றாக இருப்பது நல்லது.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகளின் கையெழுத்து இல்லாமல் செல்லாது. சொத்து பெறப்போகிறவரையே சாட்சியாக்காதீர்கள், சந்தேகத்துக்கு அதுவே போதும்.

பிள்ளையில்லாதவர்கள் முக்கியமாகக் கோட்டைவிடுவது மாற்றுப் பெயரில். பெற்ற பிள்ளைக்கு எழுதி, அந்தப் பிள்ளை முந்தி இறந்தாலும் பேரப்பிள்ளைகள் இருந்தால் அந்தப் பங்கு வீணாகாமல் சட்டம் காப்பாற்றும். அக்காவுக்கோ நண்பருக்கோ எழுதினால் அந்தச் சலுகை கிடையாது, அந்தப் பங்கு செல்லாமல் போகும். தனியர்கள் பெரும்பாலும் தங்கள் வயதை ஒத்தவர்களுக்கே எழுதுகிறார்கள் என்பதால் இது நடக்க நிறைய வாய்ப்புண்டு. எனவே ஒவ்வொரு பெயருக்கும் அடுத்து "இவர் எனக்கு முன் காலமானால் இன்னாருக்கு" என்று ஒரு வரி சேருங்கள். உயிலை நிறைவேற்றப் போகிறவருக்கும் அதே போல் ஒரு மாற்றாள், முடிந்தால் உங்களைவிட இளையவராக, வேண்டும். அவர்கள் இருவருக்கும் உயில் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும். அலமாரியை நம்ப முடியாவிட்டால், முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். பதிவுச் சட்டம் அதற்கு இடம் தருகிறது.