பகல் ‘பக்கல்’ ஆன கதை

உயரமான மெக்கானிக்கல் கீபோர்டால் மணிக்கட்டு வலித்துக்கொண்டே இருந்தது. முன்னால் துண்டை மடித்து வைத்தும் பார்த்தேன். கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். சரி என்று ‘லோ புரொஃபைல்’ எனப்படும் உயரம் குறைந்த கீபோர்டு ஒன்று வாங்கினேன். விசைக்கு அடியில் இருக்கும் சாதாரண சுவிட்ச் அழுத்தினால் சுமார் 4 மி.மீ. கீழே போகும், இது 3 மி.மீ. சொச்சம்தான். விலை குறைய புளூடூத், வண்ண விளக்கெல்லாம் வேண்டாமென்று விட்டேன். சுவிட்சைக் கழற்றி மாட்டும் வசதியை மட்டும் விடவில்லை.

நல்லவேளை! இரண்டே மாதத்தில் ‘பகல்’ என்று அடித்தால் ‘பக்கல்’ என்று விழுந்தது. ‘க’ விசையை ஒரு முறை தட்டினால் இரண்டு முறை விழுகிறது. நான் தட்டும் தமிழ்99 விசைப்பலகை முறையில் ஒரே மெய்யெழுத்து விசை இரண்டு முறை விழுந்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக வந்துவிடுமே! அந்த ‘க’ சுவிட்சைப் பிடுங்கி, நான் தொடவே தொடாத ஸ்க்ரோல் லாக் சுவிட்சை அங்கே செருகினேன். கோளாறு போய்விட்டது; பழுது சுவிட்சில்தான், உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டில் இல்லை. அப்புறம் அதே ரகத்தில் உபரியாக நாலு வாங்கி வைத்தேன். உயரமான சுவிட்ச் இதில் உட்காராது.